உப்புக் காற்றும் திக்கும் இயந்திரமும்

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுங்க" என்று பட்டறை வாசலில் பழைய காரை நிறுத்துகிறவர் நோயின் பெயரைச் சொல்வதில்லை. காய்ச்சல் அடிக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறார். காய்ச்சலுக்கு எத்தனை மூலமோ அத்தனை மூலம் இதற்கும் உண்டு. இயந்திரத்தின் சிலிண்டர்களில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுகிறது. எப்போதாவது விட்டால் சிறு உதறல். தொடர்ந்து விட்டால் மாடு மூன்று காலில் நடப்பதுபோல் வண்டி நொண்டும். சைலன்சரின் சீரான ஓசைக்கு நடுவே 'டப்... டப்' என்று ஓட்டை விழும், பெட்ரோல் வாடை வரும், பிக்கப் போகும், மைலேஜ் சரியும். இவ்வளவும் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதில்தான் தகராறு.

தேடாமலே சாமான் மாற்றுவது இன்று பெருவழக்கம். முதலில் நான்கு பிளக். சரியாகவில்லையா, கார்பரேட்டர் சர்வீஸ். அதற்கும் அடங்கவில்லையா, காயில், ஒயர் செட், பெட்ரோல் பம்ப். கடைசியில் ஏதோ ஒன்று சரியாகிவிடும். எது சரியாக்கியது என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது, பணம் கொடுத்தவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த வழக்கத்துக்கு எதிரானது. புதுச்சேரியில், கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இரவு முழுக்க வெளியே நிற்கும் பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங் என்றால், முதல் சந்தேகம் கரண்டின் மேல் விழ வேண்டும்; அதிலும் காயிலிலிருந்து பிளக் வரை போகும் உயர் அழுத்தக் கரண்டின் மேல். இது என் கட்சி. கார்பரேட்டர் கட்சி, எத்தனால் கட்சி, வால்வு கட்சி, ஸ்கேனர் கட்சி என்று மற்றவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு நியாயம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் உப்பளம் என்றே ஒரு பகுதி உண்டு. அந்தப் பெயர் போதும், காற்றைப் பற்றிச் சொல்ல. பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் உப்பு ஈரம் தெருவுக்குள் வருகிறது. ஜன்னல் கம்பியில் துருவாகவும் செப்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பாகவும் தங்கிவிடுகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. இன்னொரு பக்கம், ஊர் சிறியது. வடக்கே எஸ்.வி. பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடல்: பிரெஞ்சுக்காரர் காலத்து நகரம் இதற்குள் அடங்கிவிடும். பழைய அம்பாசிடரோ பத்மினியோ மாருதி 800-ஓ வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கும், மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கும்தான் ஓட்டுகிறார்கள். இயந்திரம் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடுகிறது. உப்பு ஈரம், குறுந்தூர ஓட்டம் என்ற இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், மதுரையிலோ கோவையிலோ சொல்லப்படும் வைத்தியம் இங்கே ஏன் அப்படியே பலிப்பதில்லை என்பது விளங்கும்.

வேலை நடக்கும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 100 தீப்பொறி வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 25. பேட்டரி தருவது 12 வோல்ட். காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் அதை முறைவைத்துப் பங்கிடுகிறது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் அந்த முறை 1-3-4-2. மூன்றே சிலிண்டர் கொண்ட மாருதி 800-இல் 1-3-2. மின்பொறியால் எரியும் இயந்திரத்தை லெனுவார் என்ற பொறியாளர் 1860-இல் பாரிஸில் ஓட்டிக் காட்டினார். பிரெஞ்சில் ஸ்பார்க் பிளக்குக்குப் பெயர் 'பூஜி'. மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். விநாடிக்கு 25 முறை ஏற்றி அணைக்கும் மெழுகுவர்த்தி. காற்றில் அது அணைவதில் வியப்பில்லை.

பல்லாயிரம் வோல்ட் கரண்டுக்கு ஒரு குணம்: மேட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளம் தேடும் தண்ணீர் மாதிரி, சுலபமான வழி எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட, ஈரமான ஒயரின் மேல்தோல் வழியாகவோ உப்புப் படிந்த மூடி வழியாகவோ இயந்திரத்தின் உடம்புக்குப் போய்ச் சேருவது எளிது என்றால் அப்படியே போகும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அதனால்தான் வெளியே எடுத்துப் பிடித்தால் அழகாகப் பொறி தரும் பிளக், உள்ளே போனதும் வாய்மூடிக்கொள்கிறது. 'ஸ்பார்க் வருதே' என்று அத்துடன் கரண்டுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. பொறி நீலமாக, சடக்கென்ற ஓசையுடன் வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் அது பொறி என்ற பேருக்குத்தான்.

நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்குமுன் கேள்விகளைக் கேட்பார். எப்போது வருகிறது? காலையில் மட்டுமா, சூடான பிறகா? மழையிலா? நிற்கும்போதா, இழுக்கும்போதா? பாதி வைத்தியம் இந்தப் பதில்களிலேயே இருக்கிறது. ஈரக் காலையில் திக்கி வெயில் ஏறியதும் சரியாகிறது என்றால் ஒயர், மூடி. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு தொடங்கி, நிறுத்தி ஆறவிட்டால் போகிறது என்றால் காயில், கன்டென்சர், எலக்ட்ரானிக் வகை என்றால் இக்னைட்டர். ஐட்லிங்கில் மட்டும் உதறி, வேகத்தில் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு, ஐடில் ஜெட் அடைப்பு, டேப்பட் இறுக்கம். டாப் கியரில் மேடு ஏறும்போது மட்டும் என்றால் பொறியின் பலவீனம் அல்லது பெட்ரோல் வறட்சி. இந்தச் சமவெளி ஊரில் மேடு எங்கே என்று கேட்கலாம். ஊருக்குள்ளிருந்து கோரிமேடு வரை டாப் கியரில் ஏறிப் பார்த்தால் போதும், பெயரிலேயே மேடு இருக்கிறது. கேள்வி கேட்காமல் பானட்டைத் திறக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அடுத்து, எந்த சிலிண்டர்? பழைய வழி: ஐட்லிங்கில் ஓடவிட்டு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. நல்ல சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் இயந்திரம் இன்னும் தொங்கும். செத்த சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இராது. அதுதான் குற்றவாளி. மாருதி 800-இல் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்றில் ஒன்று போனால் பலத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடுகிறது, வண்டியே ஆடும். ஆனால் வெறுங்கையால் பிடுங்கக் கூடாது. காப்புள்ள இடுக்கி வேண்டும். காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட் இல்லாத, எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால், பிடுங்கிய ஒயரை அந்தரத்தில் விடாமல் இயந்திரத்தின் உடம்பில் தொடும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போக வழியில்லாத கரண்டு இக்னைட்டரையோ காயிலையோ சுட்டுவிடும். கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பிளக் பக்கத்தை விட்டுவிட்டு இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது பாதுகாப்பு. இதற்கு ஒரு ரூபாய்கூடச் சாமான் செலவு கிடையாது. இதைச் செய்யாமல் எழுதப்படும் எந்த பில்லும் யூக பில்தான்.

இங்கே ஒரு தர்க்கம் இருக்கிறது. அது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பழைய காரில் ஒரே கார்பரேட்டர்தான் எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோல் கொடுக்கிறது. அதன் ஜெட் அடைத்தாலோ மிதவையின் மட்டம் தவறினாலோ எல்லா சிலிண்டரும் சேர்ந்து தவிக்க வேண்டும். அது எப்படி இரண்டாம் சிலிண்டரை மட்டும் தேடிப்பிடித்துப் பட்டினி போடும்? ஆகவே சோதனையில் ஒரே ஒரு சிலிண்டர் மாட்டினால் கார்பரேட்டருக்கு அநேகமாக விடுதலை. அதே சிலிண்டருக்குப் போகும் இன்டேக் குழாயின் கேஸ்கட்டில் காற்றுக் கசிவு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மற்றபடி மிஞ்சுவது பிளக், ஒயர், மூடியின் அந்த முனை, வால்வு, ரிங், ஹெட் கேஸ்கட். பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது.

பிளக்கைக் கழற்றினால் அது சாட்சி சொல்லும். முனை இளம் பழுப்பு என்றால் எரிதல் ஒழுங்கு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது இயந்திரம் சூடாகாமலே ஓடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் வருகிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். ஈரமாகப் பெட்ரோல் மணத்தால் அங்கே பெட்ரோல் வந்தும் பற்றவில்லை. இடைவெளி அந்தக் காலத்து வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வாக்கில். ஃபீலர் கேஜ் இல்லாத மெக்கானிக்குகள் ஆக்ஸா பிளேடைச் செருகிப் பார்த்தார்கள். அதன் கனம் ஏறக்குறைய 0.63 மி.மீ. என்பதால் அந்த நாட்டு வைத்தியத்தில் பிழையில்லை. சந்தேகப்பட்ட பிளக்கைப் பக்கத்து சிலிண்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் பிளக் கெட்டது. நோய் பழைய இடத்திலேயே நின்றால் பிளக் நிரபராதி. ஒயரையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். புதிது வாங்குவதற்கு முன் இருப்பதை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் தலையாய வித்தை. சொல்லிக்கொடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் இதில் விற்பனை இல்லை.

இனி உப்பின் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி பேக்கலைட் போன்ற காப்புப் பொருள். அதன் உள்ளே ஈரமும் உப்பும் கரித்தூளும் சேர்ந்து படிந்தால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கரண்டு ஊரத் தொடங்கும். ஊர்ந்த தடம் கருகிக் கரியாகும். கரி இன்னும் நன்றாகக் கரண்டைக் கடத்தும். மூடியைத் திருப்பிப் பார்த்தால் பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கருங்கோடு தெரியும். அந்தக் கோடு விழுந்த மூடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒயரின் ரப்பர் வெயிலில் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறினாலும் இதே கதை. இருட்டில் பானட்டைத் திறந்து இயந்திரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் நீலப் பொட்டுகள் மின்னும். மின்னாவிட்டால் துணி தேய்ப்பவர்கள் வைத்திருக்கும் தண்ணீர் ஸ்பிரேயை எடுத்து ஒயர்கள் மேலும் மூடி மேலும் பனிபோல் தெளியுங்கள். திக்கத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. தெளிக்கும்போது கையை ஒயரிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் மாருதி 800 கார்பரேட்டர் வகை. ஒரு டிசம்பர் முழுக்கக் காலையில் திக்கியது. பட்டறையில் கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, காற்றடித்துப் பூட்டிக் கொடுத்தார்கள். வண்டி பட்டுபோல் ஓடியது. நான்கு நாளில் மறுபடி. மறுபடி கழுவினார்கள், மறுபடி பட்டு. மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. காலை எட்டு மணிக்கு விடுகிற வண்டியைக் கழற்றிப் பூட்டி முடிக்கும்போது பிற்பகல் ஆகிவிடுகிறது. அதற்குள் வெயில் எல்லாவற்றையும் காயவைத்துவிடுகிறது. கார்பரேட்டருக்குப் போன பெருமை உண்மையில் சூரியனுக்குப் போக வேண்டியது. மூடியில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டியின் கார்பரேட்டரை நான்கு வருஷம் யாரும் தொடவில்லை.

எர்த் ஒயரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இயந்திரத்தையும் வண்டியின் உடம்பையும் இணைக்கும் பின்னிய செப்புப் பட்டை, கடலோர ஊரில் சில ஆண்டுகளில் பச்சைப் பொடியாகிவிடும். ஸ்டார்ட்டர் மந்தம், விளக்கு மங்கல், கூடவே மிஸ்ஸிங் என்றால் முதலில் இதைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

பாயிண்ட் வைத்த வண்டிகள் குறைந்துவிட்டன. ஆனாலும் பத்மினி, பழைய அம்பாசிடர்காரர்களுக்காகச் சில வரிகள். பாயிண்டின் இடைவெளி சுமார் 0.4 மி.மீ.; வழியில் நின்றால் விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிப் பார்க்கும் பழக்கம் இதனால்தான். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாயிண்ட் வைத்த பிறகு டைமிங் பார்க்காமல் அனுப்புவது அரைவேலை. பாயிண்ட் அடிக்கடி கருகினால் குற்றம் பாயிண்டில் இல்லை, கன்டென்சரில். காயிலின் முதல் சுற்றை மல்டிமீட்டரில் அளந்தால் சாதாரண 12 வோல்ட் காயிலுக்கு 3 ஓம் அளவில் காட்டும். ஆனால் குளிர்ந்த காயில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் கைவிடுவதும் உண்டு. கொதிக்கும்போதே அளக்க வேண்டும். இந்தச் சாமான்கள் நமக்குத் தூரத்துப் பொருள்கள் இல்லை. சென்னைப் பாடியில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ்-டி.வி.எஸ். டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் செய்தது. 1951-இல் சென்னையில் பதிவாகிப் பெங்களூரில் வளர்ந்த மைக்கோ தன் பிளக்கை நாட்டின் கடைசி உதிரிபாகக் கடை வரை கொண்டுபோனது; 2008-இல் அது பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் வயதானவர்கள் 'நாலு மைக்கோ பிளக் குடுங்க' என்றுதான் கேட்கிறார்கள். இன்று நல்ல மூடியும் ரோட்டரும் கிடைப்பதுதான் பாடு. சென்னைப் புதுப்பேட்டையில் தேடுவோர் புது மூடி என்று மினுங்குவதை நம்பாமல், பழைய அசல் மூடியில் கருங்கோடு இல்லாததைப் பார்த்து எடுப்பது புத்தி.

கார்பரேட்டர் கட்சிக்கு வருவோம். அந்தக் கட்சிக்கு நியாயம் கிடைப்பது எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறும்போது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைக்கும். பம்பின் டயாஃப்ரம் வெடித்தால் வேகத்தில் வறட்சி வரும். மே மாதச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நிற்கும். அம்பாசிடர் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனது இதற்காகத்தான், அது மூடநம்பிக்கை இல்லை. குறுந்தூர ஓட்டத்தில் சோக் போட்டபடியே மார்க்கெட் போய்த் திரும்பும் வண்டியில் பிளக் கரியாகித் திக்கும். இதற்கு மருந்து பட்டறையில் இல்லை. வாரம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். சூடேறிய பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். உப்பைத் திட்டிவிட்டு மரக்காணத்து உப்பளம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேனே என்று சிரிக்கலாம். வந்ததும் பானட்டுக்குள் காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் போகிறது.

இப்போது புதிதாகக் கிளம்பியிருப்பது எத்தனால் கட்சி. 2025-இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை நாடு எட்டியபின், எந்தப் பழைய வண்டி இருமினாலும் 'எல்லாம் இந்த இ20-யால்' என்பது பேச்சாகிவிட்டது. இதில் உள்ள உண்மை இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. எனவே கலப்புப் பெட்ரோலுக்குக் காற்று குறைவாகவோ எரிபொருள் அதிகமாகவோ வேண்டும். ஆக்சிஜன் சென்சர் வைத்த புதிய இயந்திரம் தானே கணக்குப் போட்டு இன்ஜெக்டரை நீட்டித் திறக்கும். கார்பரேட்டருக்குக் கணக்குத் தெரியாது. ஜெட் துளை எவ்வளவோ அவ்வளவுதான் போகும். விளைவு, கலவை மெலிகிறது. ஏற்கெனவே மெலிவாக டியூன் செய்த வண்டி குளிர்ந்த நிலையிலும் திடீர் ஆக்சிலரேட்டரிலும் விட்டுவிட்டு எரியும். எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் டயாஃப்ரமும் ஊறி, உதிர்ந்து ஜெட்டை அடைக்கலாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நம் ஊர்க் காற்றில் மாதக்கணக்கில் பாதி டேங்குடன் நிறுத்துவது தண்ணீரைச் சேமிப்பதற்குச் சமம். டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், தேவையானால் ஒரு படி பெரிய ஜெட். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரே டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஒரு சிலிண்டரை மட்டும் வஞ்சிக்காது. முன்பு சொன்ன தர்க்கம் இங்கேயும் நிற்கிறது. ஒற்றைச் சிலிண்டர் மிஸ்ஸிங்குக்கு எத்தனாலைத் திட்டுவது அரசியல், வைத்தியம் ஆகாது.

காற்றுக் கசிவு சிறிய விஷயம். ஆனால் மறைந்திருந்து தொல்லை கொடுப்பது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் குழாய், கார்பரேட்டர் அடி கேஸ்கட், இன்டேக் இணைப்பு. ஐட்லிங்கில் அந்த இடங்களில் கார்பரேட்டர் கிளீனரைச் சிறிதளவு அடித்தால், கசிவு உள்ள இடத்தில் இயந்திரத்தின் ஓசை மாறும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் கையில் கட்டுப்பாடு வேண்டும்.

வால்வு கட்சியை இவ்வளவு பின்னால் வைத்தது அலட்சியத்தால் அல்ல. அதைச் சோதிக்க எளிது, சரிசெய்யச் செலவு அதிகம் என்பதால். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் தன் பலத்தைச் சொல்லும். எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் நோய் அங்கே. அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அம்பாசிடருக்கு இதில் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. அதன் 1489 சி.சி. இயந்திரம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இரும்பு இருக்கையை ஈயப்படிவு தேய்மானத்திலிருந்து காத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான் என்றானது. ஊர்க் காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது பெரிய நன்மை. ஆனால் கடின இருக்கை பொருத்தாத ஹெட்களில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்தது. அமிழ அமிழ டேப்பட் இடைவெளி குறைகிறது. ஒருநாள் வால்வு முழுக்க மூடுவதில்லை. மூடாத வால்வு சுடுகிறது, கருகுகிறது. டேப்பட் சத்தம் கேட்காத அம்பாசிடரைக் கண்டு மகிழ்ந்தவர்கள் பலர் பிறகு ஹெட்டைத் திறந்தார்கள். சத்தமிடும் டேப்பட்டைவிட மௌனமான டேப்பட் ஆபத்தானது.

2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. வந்தபின் பேச்சு மாறியது. இன்று ஸ்கேனரைச் செருகினால் பி0301, பி0302 என்று பிழைக் குறியீடு வரும். கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் மாறிமாறி விடுகிறது. கிராங்க்ஷாஃப்ட் ஒவ்வொரு எரிதலின்போதும் சற்றே விரைகிறது. எங்கே விரையவில்லை என்பதை சென்சர் கவனித்துச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஸ்கேனர் சொல்வது நாம் ஒயர் பிடுங்கிக் கண்டுபிடித்ததைத்தான்: எந்த சிலிண்டர் என்பதை. ஏன் என்பதை அது சொல்வதில்லை. மேலும் இப்படிக் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஓ.பி.டி.-2 ஏற்பாடு நாட்டில் முழுமையாகக் கட்டாயமானது 2013-இல்; அதற்கு முந்தைய பல வண்டிகள் பொதுவான ஸ்கேனரிடம் வாய் திறப்பதே இல்லை. குறியீடு வந்ததும் காயில் மாற்றுகிறவருக்கும், இருமல் வந்ததும் கார்பரேட்டர் கழுவுகிறவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் மிஸ்ஸிங்கோடு நாள்கணக்கில் ஓட்டக் கூடாது என்பது மட்டும் கூடுதல் எச்சரிக்கை: எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதன் உள்கூட்டை உருக்கிவிடும். சிறு ஒயரைத் தள்ளிப்போட்டதற்குக் கன்வெர்ட்டர் விலை கொடுக்க நேரும்.

ஏறக்குறைய இலவசமான ஒரு கருவி நம் டேஷ்போர்டிலேயே கிடக்கிறது. பெட்ரோல் பங்கில் எடுக்கும் புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன் என்று இரண்டு எண்கள் இருக்கும். பி.எஸ்.2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு வரம்பு 3 விழுக்காடும் 1500 பி.பி.எம்.மும், பி.எஸ்.2, பி.எஸ்.3 வண்டிகளுக்கு 0.5 விழுக்காடும் 750 பி.பி.எம்.மும். முதல் எண் எகிறினால் கலவையில் பெட்ரோல் அதிகம்; கார்பரேட்டர் பக்கம் போகலாம். முதல் எண் அடக்கமாக இருந்து இரண்டாவது மட்டும் எகிறினால், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது என்று பொருள்: பொறி விடுகிறது, அல்லது கலவை பற்ற முடியாத அளவு மெலிந்திருக்கிறது, அல்லது வால்வு மூடவில்லை. போன தடவை 300, இந்தத் தடவை 1100 என்றால், காது கேட்குமுன் காகிதம் சொல்லிவிட்டது. பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் புதுச்சேரிக் கட்டுரை முடியாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் இங்கே கரையேறியபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கம் கார்கள் பானட் வரை நின்றன. அப்படி நின்ற வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது. கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, பிறகு சுற்றவிட்டால் தண்ணீர் பீறிட்டு வெளியேறும். டேங்கில் தண்ணீர் போயிருக்கிறதா என்று கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனித் தட்டாக நிற்கும். ஒயரைத் துடைக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடுங்கிவிட்டு வரிசை மாற்றிப் பூட்டுகிறவர்கள் ஒவ்வொரு மழைக்கும் உண்டு. வண்டி திக்கும், வெடிக்கும், கார்பரேட்டர் வழியாகத் துப்பும். கோளாறு தண்ணீரால் வந்தது இல்லை, 1-3-4-2 என்பது 1-4-3-2 ஆனதால் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஒயர் என்று வைத்துக்கொண்டால் இந்த நாடகம் இராது.

15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியதற்கு 2025 முதல் 10,000. அதைக் கட்டத் தயாராக இருப்பவர் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும், ஒரு செட் ஒயருக்கும், அரைமணி நேரப் பொறுமைக்கும் தயங்க வேண்டியதில்லை. பட்டறைக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: எதை மாற்றினீர்கள் என்பதோடு, எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள், வெயில் நன்றாக இருக்கும்போது, மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளிக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கருங்கோடு இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டாம், மூக்குக் கண்ணாடி போதும்.